பிரித்துக் கட்டிய வீடுகள்

இங்கிலாந்துக் கிராமங்களின் பழைய மரச்சட்ட வீடுகளை முதலில் தரையில் படுக்கவைத்துத்தான் கட்டினார்கள். தச்சுக் களத்தில் ஒரு சுவருக்கு வேண்டிய தூண்கள், உத்திரங்கள், குறுக்குச் சட்டங்கள் எல்லாவற்றையும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடத்தி, அளந்து, வெட்டி, பொருத்திப் பார்ப்பார்கள். பொருத்தம் சரியாக வந்ததும் ஒவ்வொரு மூட்டிலும் அடையாளக் கீறல் போட்டுவிட்டு எல்லாவற்றையும் பிரித்துவிடுவார்கள். மரங்கள் வண்டியேறி மனைக்குப் போகும். அங்கே கீறலுக்குக் கீறல் சேர்த்து, ஊர் ஆட்களை வைத்துத் தூக்கி நிறுத்துவார்கள். அந்த வீடு நிமிர்ந்து நிற்பதற்கு முன்பே ஒருமுறை பிரிக்கப்பட்ட வீடு.

இதைப் புத்தகங்களில் வாசித்திருந்தேன். ஆனால் தெற்கு இங்கிலாந்தில் சிங்கிள்டன் கிராமத்தை அடுத்த வீல்ட் அண்ட் டவுன்லாண்ட் அருங்காட்சியகத்தில், ஒரு பண்ணைவீட்டின் தூணில் அந்தக் கீறலை விரலால் தடவிய பிறகுதான் அதன் பொருள் முழுதாகப் புரிந்தது. ரோமன் எண்கள். நான்கை எழுத நான்கு கோடுகள். ஒன்பதுக்கு ஐந்தின் குறியும் நான்கு கோடுகளும். ரோமன் எழுத்தில் நான்கை ஐந்துக்கு முன் ஒன்று என்று எழுதும் வழக்கமும் உண்டு. ஆனால் களத்தில் மரத்தைப் புரட்டும்போது அது தலைகீழாகிவிடும். நான்கா ஆறா என்று குழப்பம் வரும். பள்ளிக்கூடத்தையே பார்த்திராத தச்சர்களும் படிக்கக்கூடிய, எந்தப் பக்கம் புரட்டினாலும் கெடாத கணக்கு அது. அறுநூறு ஆண்டு கழித்தும் அந்தக் கோடுகள் கூர்மையாக இருந்தன.

சிசெஸ்டர் நகரிலிருந்து மிட்ஹர்ஸ்ட் போகும் பேருந்தில் ஏறினால் சுண்ணக்கல் குன்றுகளுக்கு நடுவே சிங்கிள்டன் வந்துவிடும். ராய் ஆர்ம்ஸ்ட்ராங் என்ற வரலாற்று ஆர்வலரின் முயற்சியில் 1967-இல் தொடங்கி, 1970-இல் மக்களுக்குத் திறந்த இடம் இது. சாலைக்காகவும், நீர்த்தேக்கத்துக்காகவும், புதுக் குடியிருப்புக்காகவும் இடிக்கப்பட இருந்த ஊர்ப்புறக் கட்டடங்களைப் பிரித்துக் கொண்டுவந்து இங்கே மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். இப்போது ஐம்பதுக்கு மேல் ஆகிவிட்டன. ஒரு சரிவில் வீடு, இன்னொரு சரிவில் கொட்டகை, பள்ளத்தில் நீராலை என்று அவை தள்ளித் தள்ளி நிற்கின்றன.

நான் அதிக நேரம் செலவழித்தது 'பேலீஃப்' என்ற பண்ணைவீட்டில். கென்ட் மாவட்டத்தில் பாவ் பீச் என்ற பள்ளத்தாக்கில் நின்ற வீடு. 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்டு, சுமார் நூறாண்டு கழித்து ஒரு பக்கம் நீட்டப்பட்டது. 1960-களில் அந்தப் பள்ளத்தாக்கில் நீர்த்தேக்கம் வந்தது. 1968, 69-இல் வீட்டை மரம் மரமாகக் கழற்றினார்கள். 1972-இல் அது சிங்கிள்டனில் நின்றது. அப்படிக் கழற்றவும் சேர்க்கவும் முடிந்ததற்குக் காரணம் அதன் கட்டுமான முறைதான். ஒரு மரத்தின் முனையில் செதுக்கிய கழுந்து, மற்றதில் குடைந்த துளைக்குள் போகிறது. இரண்டையும் ஊடுருவி ஒரு ஓக் மர ஆணி இறங்குகிறது. இரும்பு ஆணிக்கு அங்கே வேலையே இல்லை.

அந்த மர ஆணியில் ஒரு நுட்பம் உண்டு. கழுந்தில் போடும் துளையும், அது நுழையும் மரத்தில் போடும் துளையும் நேருக்கு நேர் இருக்காது. வேண்டுமென்றே சில மில்லிமீட்டர் தள்ளிப் போடுவார்கள். கூர்நுனி ஆணியைக் கொட்டாப்புளியால் அடித்து இறக்கும்போது அது வளைந்து நுழைந்து, கழுந்தை உள்ளே இழுத்து மூட்டை இறுக்கும். மரமும் சும்மா இருப்பதில்லை. ஓக் காய்ந்துவிட்டால் உளி ஏறாத அளவுக்கு இறுகிவிடும். அதனால் வெட்டிய சில மாதங்களிலேயே, ஈரமும் மணமும் போகாத பச்சை மரத்தில்தான் வேலை செய்வார்கள். வீடு எழுந்தபின் பல ஆண்டுகள் மரம் மெல்லக் காய்ந்து சுருங்கி முறுகும். இந்த வீடுகள் எல்லாம் கொஞ்சம் சாய்ந்தும் நெளிந்தும் தெரிவது பெரும்பாலும் இதனால்தான். வளைந்த வீட்டைப் பார்த்துப் பழைய தச்சனுக்கு நேர்க்கோடு தெரியவில்லை என்று நினைப்பவர்கள் உண்டு. அவன் நேராகத்தான் செய்து கொடுத்தான். காய்ந்தால் மரம் எப்படிப் போகும் என்பதையும் கணக்கில் எடுத்தே செய்தான்.

தூண்களை நிமிர்ந்து பார்த்தால் இன்னொன்று தெரியும். கீழே மெல்லியதாகத் தொடங்கி, தலைப்பக்கம் தடித்து விரிகின்றன. வளர்ந்த மரத்தைத் தலைகீழாக நிறுத்தியிருக்கிறார்கள், வேர்ப்பக்கம் மேலே. வீட்டின் நீளவாட்டில் சுவர்மேல் ஓடும் உத்திரமும், குறுக்கே இரு சுவர்களையும் கட்டிப்பிடிக்கும் விட்டமும் தூணின் தலையில்தான் சந்திக்கின்றன. மூன்று மரங்களை ஒரே இடத்தில் பூட்ட வேண்டும். கூரையின் பாரம் சுவர்களை வெளியே தள்ளாமல் பிடிக்க வேண்டிய இடமும் அதுதான். அதற்கு நிறைய மரச்சதை வேண்டும். அது மரத்தின் அடிப்பக்கத்தில்தான் இருக்கிறது. இங்கிலாந்துத் தச்சர்கள் பல நூற்றாண்டுகள் இந்த மூட்டையே திரும்பத் திரும்பச் செய்திருக்கிறார்கள். அதைக் கண்டுபிடித்தவர் யாரென்று எந்த ஏட்டிலும் இல்லை. அந்தப் பயணம் முழுவதும் என் மனத்தைவிட்டு அகலாத ஒரு மூட்டு இது.

பேலீஃபின் நடுக்கூடத்துக்கு மேல் மாடி இல்லை. தரையிலிருந்து கூரை உச்சிவரை வெட்டவெளி. கூடத்தின் நடுவே தரையில் அடுப்பு. புகைபோக்கி கிடையாது; புகை மேலே ஏறிக் கூரையில் கிடைத்த வழியாக வெளியேறும். நான் போன நாளில் நெருப்பு மூட்டியிருந்தார்கள். நின்றால் கண் எரிந்தது. தாழ்வான பெஞ்சில் உட்கார்ந்ததும் எரிச்சல் குறைந்தது. புகை தலைக்குமேல் ஓர் அடுக்காக நின்றுவிடுகிறது. அந்த மனிதர்கள் தங்கள் மாலைப்பொழுதை உட்கார்ந்தே கழித்திருப்பார்கள் என்று தோன்றியது. ஜன்னலில் கண்ணாடி இல்லை. செங்குத்தான மரக்கம்பிகளும், குளிருக்குச் சாத்த மரக்கதவும்தான். இப்படிப்பட்ட கூடங்களின் கைமரங்களில் படிந்த கரியே இன்று ஆய்வாளர்களுக்குச் சான்று. பின்னாளில் புகைபோக்கி வைத்து, மாடி போட்டு, அறை அறையாகத் தடுத்துவிட்ட எத்தனையோ வீடுகளில், பரணுக்குள் டார்ச் அடித்து ஏறியவர்கள் கரி பிடித்த மரங்களைக் கண்டு, இது ஒரு காலத்தில் திறந்த கூடம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

சட்டங்களுக்கு இடையே உள்ள வெளியை நிரப்பிய முறை நம் ஊரின் பழைய வரிச்சுச் சுவரை அறிந்தவர்களுக்கு விளக்காமலே புரியும். பிளந்த ஓக் குச்சிகளை நிறுத்தி, ஊடே மெல்லிய மிலாறுகளைப் பின்னி, களிமண்ணும் வைக்கோலும் சாணமும் குழைத்து இருபுறமும் அப்பி, சுண்ணாம்பு அடிப்பார்கள். சுவர் கூரையைத் தாங்குவதில்லை, சட்டம் தாங்குகிறது. அதனால் மண் உதிர்ந்தால் அந்தக் கட்டத்தை மட்டும் புதிதாக அப்பிக்கொள்ளலாம். 20-ஆம் நூற்றாண்டில் பலர் அதைச் சிமெண்டால் பூசினார்கள். நெடுநாள் உழைக்கும் என்று நினைத்தார்கள். மண்ணும் சுண்ணாம்பும் ஈரத்தை வெளியே விடும், சிமெண்ட் விடாது. அதன் பின்னால் தேங்கிய ஈரத்தில் ஐந்நூறு ஆண்டு நின்ற மரங்கள் சில பத்தாண்டுகளில் மட்கின.

நாட்காட்டிப் படங்களில் வரும் கறுப்புச் சட்டம், வெள்ளைச் சுவர் தோற்றத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அந்தக் கன்னங்கரிய பூச்சு பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டின் விருப்பம். ஓக்கை அப்படியே விட்டால் வெள்ளிச் சாம்பல் நிறத்துக்கு வந்துவிடும். பேலீஃப் அந்த நிறத்தில்தான் நிற்கிறது. எனக்கு அது கறுப்பைவிடப் பல மடங்கு அழகாகப் பட்டது.

அதே பள்ளத்தாக்கிலிருந்து வந்த இன்னொரு கட்டடத்தின் கதையும் உண்டு. 'விங்க்ஹர்ஸ்ட்' என்று பெயர். சிறிய வீடு என்று எண்ணித்தான் அருங்காட்சியகம் அதைத் தொடக்க காலத்தில் நிறுத்தியது. பிறகு மரங்களை மறுபடி ஆராய்ந்தபோது அது தனி வீடாக இருக்க முடியாது, பெரிய வீடொன்றின் சமையற்கூடம் என்று தெரிந்தது. மறுபடியும் பிரித்தார்கள், வேறிடத்தில் சமையற்கூடமாகவே நிறுத்தினார்கள். கல்லில் கட்டியிருந்தால் இந்தத் திருத்தம் இவ்வளவு சுலபமாக இருந்திருக்காது.

பேலீஃபில் வாழ்ந்தவர் வசதியான குடியானவர் என்பதை மறந்துவிடக் கூடாது. இன்று நிற்கும் பழைய வீடுகளில் பெரும்பாலானவை அப்படிப்பட்டவர்களுடையவை. நிலமில்லாத கூலியாளின் குடில் நல்ல ஓக்கில் கட்டப்படவில்லை, நிற்கவுமில்லை. விதிவிலக்குகளில் ஒன்று இங்கே இருக்கும் 'பாப்லர் காட்டேஜ்'. 17-ஆம் நூற்றாண்டில், மேய்ச்சல் புறம்போக்கின் ஓரத்தில் நின்ற கூரைவேய்ந்த சிறுகுடில். 1589-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, புதிதாகக் குடில் கட்டினால் அதனுடன் நான்கு ஏக்கர் நிலமும் இருக்க வேண்டும் என்றது. நிலம் இல்லாதவன் வீடும் கட்டக்கூடாது என்பதே அதன் நடைமுறைப் பொருள். ஆனாலும் புறம்போக்கு ஓரங்களில் குடில்கள் எழுந்துகொண்டே இருந்தன. பாப்லர் காட்டேஜின் சட்டங்கள் ஒல்லியானவை, சில கோணலானவை. கிடைத்ததை வைத்துச் செய்திருக்கிறார்கள். ஆனால் மூட்டுகள் பேலீஃபின் மூட்டுகள்தான். ஏழையின் வீட்டுக்கும் அதே கழுந்து, அதே மர ஆணி. நான் பார்த்த எல்லாக் கட்டடங்களிலும் என்னை அதிகம் அசைத்தது இந்தக் குடில்.

அடுத்துப் போனது எசெக்ஸ் மாவட்டம். விதம் என்ற ஊரிலிருந்து பிரெயின்ட்ரீக்குப் போகும் கிளை ரயிலில் ஒயிட் நாட்லியில் இறங்கி, வயல்களினூடே நடந்தால் கிரெஸ்ஸிங் டெம்பிள். 1137-இல் ஸ்டீஃபன் மன்னரின் மனைவி மட்டில்டா, சிலுவைப்போர் வீரத்துறவிகளான டெம்ப்ளர்களுக்குக் கொடுத்த நிலம். அவர்கள் கட்டிய இரண்டு தானியக் கொட்டகைகள் இன்னும் நிற்கின்றன. பார்லிக் கொட்டகை 13-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. கோதுமைக் கொட்டகை அதன் பிற்பகுதி. உள்ளே நுழைந்ததும் வாய் அடைத்துப்போகும். இருபுறமும் தூண் வரிசை, நடுவே அகன்ற வெளி, தூண்களுக்கு அப்பால் தாழ்ந்த பக்கவெளிகள். கோதுமைக் கொட்டகை மட்டும் 40 மீட்டர் நீளம். ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ ஐந்நூறு ஓக் மரங்கள் வெட்டியிருப்பார்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

ஐந்நூறு மரம் என்றால் காடழிப்பு என்று தோன்றும். காட்டு வரலாற்றை வாழ்நாள் முழுதும் ஆராய்ந்த ஆலிவர் ராக்கம் அந்த எண்ணத்தை மாற்றினார். பழைய வீடுகளின் சட்டங்களை எண்ணிப் பார்த்து, அவற்றில் பெரும்பகுதி சின்ன மரங்கள் என்று காட்டினார். தேவையான தடிமன் வந்ததும் வெட்டினார்கள். ஒரு மரத்தை ஒரே சட்டமாகவே செதுக்கினார்கள். பெரிய மரத்தை அறுப்பது வீண் உழைப்பு. வெட்டிய அடிக்கட்டை மீண்டும் துளிர்த்தது. காட்டை அழித்தது மரம் வெட்டுபவன் இல்லை, அங்கே உழவோ மேய்ச்சலோ தொடங்கியவன்.

இந்தக் கொட்டகைகளின் வயதைச் சொன்ன கதை எனக்கு மிகப் பிடித்தது. செசில் ஹியூவெட் என்ற பள்ளி ஆசிரியர் எசெக்ஸ் முழுவதும் அலைந்து மூட்டுகளை வரைந்தார். ஒரு மரத்தின் முனையை மற்றதன் பக்கவாட்டில் பதித்துப் பிடிக்கும் பழைய மூட்டு, பிறகு வந்த கழுந்து மூட்டு, இரண்டு மரங்களை நீளவாட்டில் ஒட்டும் விதங்கள் என்று எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி, மூட்டைப் பார்த்தே காலம் சொல்லலாம் என்றார். 1969-இல் அது புத்தகமாக வந்தது. கிரெஸ்ஸிங் கொட்டகைகள் 13-ஆம் நூற்றாண்டு என்பது அன்று பலருக்கு நம்ப முடியாததாக இருந்தது. பின்னர் மர வளையங்களை எண்ணும் முறை வந்தது. பார்லிக் கொட்டகையின் மரங்கள் 1205-க்கும் 1235-க்கும் இடையே வெட்டப்பட்டவை என்று அது சொன்னது. மரத்தில் பட்டையின் விளிம்பு மிஞ்சியிருந்தால் வெட்டிய குளிர்காலத்தையே சொல்ல முடியும். இங்கே அது செதுக்கப்பட்டுவிட்டதால் முப்பது ஆண்டு இடைவெளி. ஹியூவெட் வேறு கட்டடங்களுக்குச் சொன்ன காலங்கள் சில திருத்தப்பட்டிருக்கின்றன. ஆனால் தச்சனின் கையைப் படித்தே கட்டடத்தின் வயதை நெருங்க முடியும் என்ற அவருடைய அடிப்படை நின்றுவிட்டது.

கொட்டகையின் உருவத்துக்குக் காரணம் மழை. நாம் வெயிலில் திறந்த களத்தில் சூடடித்து, காற்று பார்த்துத் தூற்றுகிறோம். அங்கே அறுவடை முடிவதற்குள் மழை பிடித்துவிடும். கதிரைக் கட்டுக்கட்டாக அப்படியே உள்ளே அடுக்கிவிட்டு, குளிர்காலம் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக அடிப்பார்கள். அதற்குத்தான் நடுவே அடிக்கும் தளம். அதன் இருபுறமும் எதிரெதிராகப் பெரிய கதவுகள். சுமை ஏற்றிய வண்டி முழுதாக உள்ளே வரும் உயரம். இரண்டையும் திறந்துவிட்டால் காற்று ஊடே பாயும். அந்தக் காற்றில் தூற்றுவார்கள். கிரெஸ்ஸிங்கில் அந்தக் கதவுகள் இரண்டும் திறந்திருந்தன. தளத்தின் நடுவில் நின்றபோது சட்டை படபடத்தது.

1312-இல் டெம்ப்ளர் சபை கலைக்கப்பட்டு, நிலம் ஹாஸ்பிட்டலர் என்ற மற்றொரு துறவு வீரர் சபைக்குப் போனது. 1381-இல் தலைவரியை எதிர்த்து எசெக்ஸ் குடியானவர்கள் கிளர்ந்தபோது இந்த இடம் சூறையாடப்பட்டது. அரசின் கருவூலத் தலைவர் ராபர்ட் ஹேல்ஸ்தான் அந்தச் சபையின் இங்கிலாந்துக் கிளைக்கும் தலைவர். கொட்டகைகள் தப்பின. உள்ளே இருந்தது தங்கள் கையால் அறுத்த தானியம் என்பதால் அவர்கள் தீ வைக்கவில்லை என்று நினைத்துக்கொள்ள எனக்கு விருப்பம். அதற்கு ஆதாரம் கிடையாது.

ஊர் திரும்பும் முன் பார்த்தது ஹார்மண்ட்ஸ்வர்த். ஹீத்ரோ விமான நிலையத்தின் வேலியைத் தாண்டினால் வரும் கிராமம். ஈழத் தமிழர் பலருக்கு இந்தப் பெயர் வேறு காரணத்தால் தெரியும். குடிவரவுத் தடுப்பு மையம் இந்த ஊரின் பெயரில்தான் இருக்கிறது. கிராமத்துக்குள் தேவாலயத்தை அடுத்து, 1426 வாக்கில் வின்செஸ்டர் கல்லூரிக்காகக் கட்டிய தானியக் கொட்டகை. ஏறத்தாழ 58 மீட்டர் நீளம், தூண்களுக்கு இடையே பன்னிரண்டு கண்ணறைகள். ஒவ்வொரு தூணும் கல்மேல் நிற்கிறது, மண் ஈரம் மரத்துக்கு ஏறாதபடி. மரங்களில் பெரும்பகுதி முதலில் நிறுத்தியவையே. கவிஞர் ஜான் பெட்ஜமன் இதை மிடில்செக்ஸ் மாவட்டத்தின் பேராலயம் என்று சொன்னார். பராமரிப்பின்றிக் கிடந்ததை 2011-இல் இங்கிலிஷ் ஹெரிடேஜ் அமைப்பு வாங்கிப் பழுது பார்த்தது. வெயில்கால மாதங்களில் சில ஞாயிறுகளில் மட்டும் ஊர்க்காரர்கள் தொண்டாகத் திறந்து வைக்கிறார்கள். அவர்களில் ஒரு பெரியவர் என்னைத் தூண் தூணாக அழைத்துப்போய்க் கீறல்களைக் காட்டினார். மட்கிய இடத்தை மட்டும் வெட்டியெடுத்துப் புது ஓக்கைப் படிப்படியாகச் செதுக்கி ஒட்டியிருப்பதையும் காட்டினார். பேச்சுக்கு நடுவே விமானம் போகும்போது நிறுத்துவார். போனதும் விட்ட சொல்லிலிருந்து தொடங்குவார்.

ஹீத்ரோவின் மூன்றாவது ஓடுபாதை இந்த ஊருக்குமேல் பல ஆண்டுகளாகத் தொங்குகிறது. 2018-இல் நாடாளுமன்றம் கொள்கையளவில் ஒப்புக்கொண்டது. 2025-இல் அரசு மறுபடி ஆதரவு தெரிவித்தது. அந்தத் திட்டப்படி ஊரின் பெரும்பகுதி வீடுகள் போகும்; கொட்டகை வேலியோரமாக எஞ்சும். வேண்டுமானால் பிரித்து வேறிடத்தில் கட்டிக்கொள்ளலாமே என்று ஒரு வாதம் எப்போதும் இருக்கிறது. முடியும்தான். பேலீஃபைப் பார்த்துவிட்டு வந்தவன் நான். முடியாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் பேலீஃப் நின்ற பள்ளத்தாக்குக்கு நீர் வருவது முடிவாகிவிட்ட பிறகுதான் அதைப் பிரித்தார்கள்; வேறு வழி இருக்கவில்லை. இங்கே இன்னும் வழி இருக்கிறது. பிரிக்கக்கூடியது என்பதற்காகப் பிரிக்கலாம் என்று பேசுவது எனக்கு அந்தத் தச்சர்களின் திறமையை அவர்களுக்கே எதிராகத் திருப்புவதாகப் படுகிறது. அவர்கள் பிரித்தது சரியான இடத்தில் நிறுத்துவதற்காக.

வேலியோரம் விட்டுவைப்பதும் எனக்குப் போதாது. கொட்டகையைப் பெரியவரிடம் ஒப்படைத்தது எந்தச் சட்டமும் இல்லை. அவர் வீடு பக்கத்துத் தெருவில் இருக்கிறது, அதனால் சாவியோடு வருகிறார். அந்தத் தெருவை இடித்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை யார் வந்து கதவைத் திறப்பார்கள்?